ஜெர்ஷா வாசிக்காத பலகை

2023 மே மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஜெனிலா டீச்சர் குழித்துறைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியது பள்ளித் தலைமையாசிரியர் தங்கையன் சார். விடுமுறையில் அவர் கூப்பிடுகிறவர் அல்ல.

“டீச்சர், நம்ம ஜெர்ஷா ஆத்துல போயிட்டா” என்றார்.

எங்கே போனாள் என்று கேட்கத்தான் ஜெனிலா வாய் திறந்தாள். அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. எடுத்த கிழங்கைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு, கடைக்காரி கூப்பிடக் கூப்பிட நடந்தாள்.

ஜெனிலாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. திற்பரப்புப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் பிறந்தவள். அம்மா விடிவதற்கு முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். அந்தக் கூலியில்தான் ஜெனிலா ஆசிரியர் பயிற்சி படித்தாள். அதன்பின் ஒன்பது வருடம் தனியார் பள்ளிகளில் கிடைத்த சம்பளத்துக்கு வேலை பார்த்து, கடைசியில் மிஷன் காலத்தில் தொடங்கிய ஒரு சின்ன உதவிபெறும் ஆரம்பப் பள்ளியில் நிரந்தர வேலைக்கு வந்தாள். கணவன் ஜாஸ்பர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே மகள் ஜெஸ்பின், மார்த்தாண்டத்தில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒன்றும் இரண்டும் தங்கையன் சாருக்கு. மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஜெனிலாவுக்கு. ஒரே அறையில் மூன்று வரிசை.

ஜெர்ஷா நடு வரிசைப் பிள்ளை. சத்தம் போடமாட்டாள், சண்டைக்குப் போகமாட்டாள். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்து திறந்தபோது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றரை வருடம் ஜெனிலாவின் கையில் இருந்தாள். கரும்பலகையில் எழுதிப் போட்டதை அச்சடித்த மாதிரி எழுதிக் காட்டுவாள். ஒரு சுழி பிசகாது. ஜெனிலா சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதி அடுத்த நோட்டை எடுப்பாள்.

ஜெனிலா ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஜெர்ஷா, சித்தி வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டைக் கூட்டிக்கொண்டு குளிக்க வந்திருக்கிறாள். முதலில் அவள் இறங்கியிருக்கிறாள். தண்ணீரை அங்கே வெள்ளம் என்பார்கள். வெள்ளம் முட்டளவுதான் தெரிந்தது. நாலு எட்டு வைத்தாள், ஆளைக் காணவில்லை. சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றிருக்கின்றன.

தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி ஓர் எச்சரிக்கைப் பலகை நின்றது. இரும்புக் கம்பியில் மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து. அதன்மேல் ஒரு துண்டும் பூப்போட்ட மாற்றுப் பாவாடையும் தொங்கின. ஜெர்ஷா போட்டுவிட்டு இறங்கியவை. யாரும் எடுக்கவில்லை. ஜெனிலா கிட்டே போய் எடுத்தாள். கீழே எழுத்து தெரிந்தது. ‘இப்பகுதி ஆழம் மிகுந்ததாகும். பொதுமக்கள் நீராடுதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது.’

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் அவள் பலமுறை வாசித்தாள். அந்தப் பிள்ளை இந்தப் பலகைக்கு நேராக நின்றுதான் துணியைப் போட்டிருக்கும். பார்க்காமல் போட்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள் ஜெர்ஷாவின் வீட்டுக்குப் போனாள். ஜெர்ஷாவின் அம்மா ஷைஜா முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்குப் போகிறவள். அந்த ஊரில் அதை அண்டி ஆபீஸ் என்பார்கள். தகப்பன் விட்டுப்போய் ஆறு வருடம். ஷைஜா அழுது தீர்ந்த முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்துபோய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். உள்ளே தமிழ் நோட்டுகள்.

“பாருங்க டீச்சர். எனக்க பிள்ளைக்க எழுத்து. எத்தன அழகு! அண்டி ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுவேன். இவ படிச்சு உங்களப் போல டீச்சராவான்னு எல்லாரும் பறைவாவ.”

ஜெனிலா நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய சிவப்பு மை. ஒரு தரமாவது இந்தப் பிள்ளையை எழுப்பி, எழுதியதை வாசி என்று சொன்னோமா என்று யோசித்தாள். ஒருமுறை சொன்னது ஓர்மையில் வந்தது. ஜெர்ஷா எழுந்து தலை குனிந்து நின்றாள். கூச்சப்படுகிறாள் என்று உட்காரச் சொல்லிவிட்டாள். அது கூச்சம் இல்லை என்பது அன்றே ஜெனிலாவுக்குப் பாதி தெரியும். பாடம் முடிக்க வேண்டியிருந்தது, பதிவேடு எழுத வேண்டியிருந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டாள்.

“நல்ல எழுத்து” என்று மட்டும் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெஸ்பின் நாற்காலியில் காலை மடக்கிப்போட்டு ஒரு கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவளும் நாலாம் வகுப்பு முடித்தவள்தான். ஜெனிலா பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று கேட்டாள். மகள் நிமிர்ந்து பார்த்து, “எதுக்கும்மா அழுவுத?” என்று கேட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள், நாலிலும் ஐந்திலுமாகப் பதினேழு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். ஒன்பது பேரால் முடியவில்லை. ஒன்பது பேரும் அதைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுதினார்கள்.

அன்று பிற்பகல் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனாள். எதற்கென்று தங்கையன் சார் கேட்டார். “ஊரை வாசிக்கப் போறோம் சார்” என்றாள். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த மனிதர், தலையாட்டினார்.

பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, திருச்சபை அறிவிப்புப் பலகை, பால் சொசைட்டி, செத்தவர்கள் படம் போட்ட பேனர்கள். எழுத்து இருந்த இடத்திலெல்லாம் நின்றார்கள். புத்தகத்தில் திக்கிய பிள்ளை ‘பாமாயில் இல்லை’ என்பதை உடனே வாசித்தது. அதை வாசிக்காமல் வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஜெனிலா பிடித்துக்கொண்டது அதைத்தான்.

ஊருக்கு எந்த எழுத்து இல்லை என்று பிள்ளைகளிடமே கேட்டாள். பஸ் நேரம் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றாள் அஞ்சலி, ஐந்தாம் வகுப்பின் துடுக்கான பிள்ளை. சரி என்று ஒரு வாரம் முறைவைத்து இரண்டு இரண்டு பேராக நிறுத்தத்தில் நின்றார்கள். எந்த பஸ், எங்கே போகிறது, எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் குறித்தார்கள். கடைசியில் ஒரு பிளைவுட் பலகையில் பெயின்டால் எழுதி மாட்டினார்கள். ‘மார்த்தாண்டம்’ என்பதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. கடைக்குப் போன ஒரு பெரியவர் நின்று வாசித்துவிட்டு, “மக்கா, மார்த்தண்டம்னு ஒரு ஊரு எங்கயும் இல்ல கேட்டியா” என்று சிரித்தார். எழுதிய பிள்ளை வெட்கத்தில் ஓடிப்போய் பிரஷ்ஷை எடுத்து வந்தது. அந்தப் பிள்ளைக்கு அதன்பிறகு ஒரு காலும் விட்டுப்போகவில்லை.

அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. அங்கன்வாடி டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டினார்கள். அண்டி ஆபீஸ் பெண்களிடம் கேட்டு, கைப்புண்ணுக்கு என்ன போடுவது, எங்கே வைத்தியம் கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். காணாமல் போன ஆட்டுக்கு அறிவிப்பு எழுதினார்கள், ஆடு கிடைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆற்றங்கரைப் பக்கம் மட்டும் ஜெனிலா பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. அந்தப் பேச்சை எடுத்ததும் அஞ்சலிதான்.

“டீச்சர், ஆத்து போர்டு யாருக்கும் வாசிக்க முடியல்ல. ‘நீராடுதல்’னா என்னன்னு எங்கம்மைக்கே தெரியாது. அத நாம எழுதாண்டாமா?”

பின் வரிசையில் ஒரு பிள்ளை மெல்லச் சொன்னது: “ஜெர்ஷாக்க பேரையும் எழுதணும்.”

பெயர் எழுத வேண்டுமென்றால் தாயிடம் கேட்க வேண்டும். சனிக்கிழமை ஜெனிலா ஷைஜா வீட்டுக்குப் போனாள். ஷைஜா அப்போதுதான் வேலை முடித்து வந்து, கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகை விஷயத்தைச் சொல்லிவிட்டு ஜெனிலா கிளம்பியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் சுமந்ததைச் சொல்லாமல் அந்தப் பெயரைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“ஷைஜா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஜெர்ஷாக்கு எழுத மட்டும்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. நான் கவனிக்கல்ல. கவனிச்சும் விட்டுட்டேன்.”

ஷைஜா கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“அப்போ அந்த போர்டு?”

“பாத்திருப்பா.”

“பாத்திட்டுதான் இறங்கினாளா?”

ஜெனிலா தலை குனிந்தாள். ஷைஜா அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள்.

“நீங்க போங்க டீச்சர்” என்றாள். ஜெனிலா படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “பேரு எழுதப்பிடாது. எனக்க பிள்ளைக்க பேரு அந்தக் கரையில வெயிலும் மழையும் கொண்டு நிக்கப்பிடாது.”

பெயர் வேண்டாம் என்று ஜெனிலா வகுப்பில் சொன்னாள்.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு வாரம் போனது. ஒவ்வொருவரும் ஒன்று எழுதினார்கள். அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். யாராவது திக்கினால் அந்தச் சொல்லை வெட்டிவிடுவார்கள். ‘ஆபத்து’ போனது. ‘எச்சரிக்கை’ முதல் நாளே போனது. ‘ஆழம்’ என்று எழுதியதை அஞ்சலி ஒத்துக்கொள்ளவில்லை.

“ஆழம்னு சொன்னா நம்பமாட்டாவ டீச்சர். பாத்தா முட்டளவுதான் இரிக்கு. அடியில குழி உண்டு. மணல் அள்ளுன குழி. எங்கப்பா சொன்னாவ.”

அஞ்சலியின் அப்பா சுயம்பு டிப்பர் லாரி ஓட்டுகிறவர். மணல் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. ஜெனிலாவுக்கும் தெரியும். பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தபோது அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, எழுது என்றாள். ஒரு பிள்ளை தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டியதை விட்டதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிற பிள்ளையையும் தடுப்பதா என்று நினைத்தாள்.

செப்டம்பரில் பலகை நின்றது. பழைய தகட்டுக்குப் பக்கத்திலேயே, வெள்ளையில் நீல எழுத்து.

‘இங்கே குளிக்காதே.
வெள்ளம் முட்டளவு தெரியும்.
அடியில மணல் அள்ளுன குழி உண்டு.
உள்ளே போனா வர முடியாது.’

மூன்று நாள் கழித்து பொன்னுலிங்கம் பள்ளிக்கு வந்தார். ஊரில் பெரிய கை, சுயம்பு ஓட்டும் லாரிக்கு முதலாளி. பள்ளிக்கு மதில் கட்டிக் கொடுத்தவர். கோபமே இல்லாமல் பேசினார்.

“பிள்ளைகள் நல்ல காரியம் செய்திருக்கு. நான் தப்பு சொல்லல்ல. அந்த ‘மணல் அள்ளுன’ மட்டும் வேண்டாம். குழின்னு இருந்தா போதாதா? ஆறு தானே குழி தோண்டாதா? நாளைக்கு மேல எடத்துலயிருந்து ஆள் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வச்சு டீச்சர் என்ன செய்யுதுன்னு கேட்டா, சாருக்கு இந்த வயசுல அலைச்சல்.”

அவர் போனபின் தங்கையன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “ரெண்டு வார்த்தை தானே டீச்சர். குழி இருக்குன்னு பிள்ளைகள் வாசிச்சா அதுவே போதும். நமக்குப் பள்ளிக்கூடம் நடக்கணும்.”

ஜெனிலா மறுநாள் யோசித்தாள், அதற்கு மறுநாளும் யோசித்தாள். மூன்றாம் நாள் மாலை பிள்ளைகள் போனபின் வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாக ஆற்றங்கரைக்குப் போனாள். இரண்டு வார்த்தையை மறைக்க மூன்று முறை பூச வேண்டியிருந்தது. முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் நீலம் தெரிந்துகொண்டே இருந்தது.

காலையில் அஞ்சலி நேராக அவள் மேசைக்கு வந்து நின்றாள். “நாங்க பொய்யா எழுதினோம் டீச்சர்?”

“இல்ல மக்கா.”

“பின்ன?”

ஜெனிலா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். உட்கார் என்றாள். அஞ்சலி உட்கார்ந்தாள். அன்று எழுதச் சொன்னதை அவள் எழுதவில்லை.

அதோடு நிற்கவில்லை. யாருடைய பிள்ளை சொன்னது என்று விசாரித்திருக்கிறார்கள். அடுத்த வாரமே சுயம்புவுக்கு லாரி இல்லை என்று ஆயிற்று. அவர் பள்ளி வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

“டீச்சர், எனக்கு உங்க மேல கோவம் இல்ல. அவ சொன்னது உள்ளதுதான். ஆனா உள்ளத எழுதிட்டு நீங்க அழிச்சிட்டிய. உங்களுக்கு வேல இரிக்கு, எனக்கு இல்ல. எழுதாண்டாம்னு முதல்லயே அவள்ட்ட சொல்லியிருக்கப்பிடாதா?”

அவர் கேரளத்துக்கு வேலை தேடிப் போனார். அஞ்சலியையும் அவள் அம்மாவையும் மயிலாடியில் மாமன் வீட்டில் விட்டார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் மாற்றுச் சான்றிதழை ஜெனிலாதான் எழுதினாள். ‘நன்னடத்தை’ என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது. வாங்கிக்கொண்டு போகும்போது அஞ்சலி அதை ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, முழுவதும் வாசித்தாள். பிறகு மடித்துத் தாயிடம் கொடுத்தாள். டீச்சரைப் பார்க்காமல் போனாள்.

அடுத்து வந்த ஜனவரியில் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பஸ் நேரப் பலகையைப் படம் எடுத்தார்கள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், மற்றப் பள்ளிகளும் இப்படிச் செய்யலாம் என்றார்கள். ஆற்றங்கரைக்கு அவர்களை யாரும் கூட்டிப்போகவில்லை. ஜெனிலாவைக் கூட்டத்தில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னுலிங்கமும் கைதட்டினார். வீட்டில் அந்தப் பொன்னாடையை ஜெஸ்பின் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஜெனிலா வாங்கி மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். “டீச்சர், போர்டுல மணல் வந்திட்டு!”

மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தாள். வெள்ளை பூசிய இடத்தின்மேல், செங்காவி நிறத்தில், கோணல் மாணலாக ‘மணல் அள்ளுன’ என்று இருந்தது. பெரிய ஆள் எழுதியது. பிரஷ் பிடித்துப் பழக்கமில்லாத கை. ‘ள்’ளின் புள்ளி வழிந்து கீழ்வரி வரை இறங்கியிருந்தது. யார் எழுதியது என்று ஊரில் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. ஞாயிறு பகலில், சபை விட்டு ஆட்கள் போகிற நேரத்தில், எல்லாரும் பார்க்க ஷைஜா நின்று எழுதியிருக்கிறாள். யாரோ, “ஏட்டி, உனக்கு என்னத்துக்கு இது?” என்று கேட்டதற்கு, “எனக்குதான் இது” என்றாளாம்.

பொன்னுலிங்கம் அந்த வழியே போனார், பார்த்தார். பிள்ளையை ஆற்றுக்குக் கொடுத்தவளிடம் போய்ப் பேச அவருக்கும் வாய் வரவில்லை. அந்த இரண்டு வார்த்தை நின்றது. ஆனால் மணல் எடுப்பது நிற்கவில்லை. சுயம்புவுக்குப் பதில் வேறொருவர் லாரி ஓட்டினார். அஞ்சலி திரும்பி வரவில்லை. மயிலாடியில் அவள் நன்றாகப் படிக்கிறாள், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள்.

ஷைஜா டீச்சரிடம் பேசுவதில்லை. காலை எட்டு பத்து பஸ் நேரத்தில் தினமும் இருவரும் ஒரே நிறுத்தத்துக்கு வருவார்கள். ஜெனிலா மகளைப் பள்ளியில் விட்டு மார்த்தாண்டத்திலிருந்து வந்து இறங்குவாள். ஷைஜா அதே பஸ்ஸில் ஏறி ஆலைக்குப் போவாள். ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற, படியில் ஒரு கணம் எதிரெதிர் வருவார்கள். ஷைஜா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜெனிலா அதை எதிர்பார்த்தேதான் தினமும் இறங்குவாள். முன்வழியாக இறங்கினால் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

ஆண்டுத் தேர்வு முடியும் சமயம், ஒரு நாள் பஸ் பழுதாகி வரவில்லை. ஜெனிலா ஆட்டோவில் வந்து இறங்கியபோது நிறுத்தத்தில் ஷைஜா மட்டும் நின்றாள். ஜெனிலா தலைகுனிந்து கடந்துபோகப் பார்த்தாள்.

“டீச்சர்.”

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். ஜெனிலா நின்றாள்.

“இப்போ எல்லாப் பிள்ளைகளும் வாசிக்குமா?”

“வாசிக்கும். ஒருத்தன் மட்டும் இன்னும் இல்ல. நாலாம் கிளாஸ்ல.”

ஷைஜா சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவனுக்க அம்மைக்குத் தெரியுமா?”

ஜெனிலா அதை அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஷைஜா திரும்பி அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பஸ் வராத சாலையில் ஆலையை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

அன்று மாலை பள்ளி விட்டதும் ஜெனிலா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.